சாட்டிலைட் இருந்தும் விமானம் ஏன் கிடைக்கவில்லை?

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. அடுத்து என்ன? பெரும்பாலானவர்கள் கூகுள் எர்த் புரோகிராமைத் திறந்து சொந்த ஊரைத் தேடுவார்கள். நெல்லையப்பர் கோயில் தெரியும். தாமிரபரணி ஆறு தெரியும். பாலம் தெரியும். மவுஸ் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினால் நம் வீட்டு மொட்டை மாடியும், அதன் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். உடனே மனதில் ஒரு கேள்வி எழும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அதை என்னிடம் இப்படிக் கேட்டார்: "ஏ தம்பி, என் வீட்டுத் தொட்டியே தெரியுது. அம்புட்டுப் பெரிய ஏரோப்ளேன் காணாமப் போச்சு, சாட்டிலைட்டுக்குத் தெரியலன்னா நம்பவா சொல்லுத?"

நியாயமான கேள்விதான். நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். விமானத் துறை நிபுணன் அல்ல. ஆனால் ஒரு டேட்டா நம் கைக்கு வந்தால் அது எப்படிப் பதிவானது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. அந்தப் பார்வையில், காணாமல் போன விமானங்களைத் தேடும்போது சாட்டிலைட் டேட்டா எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்ப்போமா?

தாம்பரத்தில் கிளம்பிய ஏ.என்.32

2016 ஜூலை 22-ந் தேதி காலை சுமார் 8.30 மணிக்கு இந்திய விமானப்படையின் ஏ.என்.32 ரகப் போக்குவரத்து விமானம் சென்னை தாம்பரத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. அதில் 29 பேர் இருந்தார்கள். காலை 9.12 மணிக்கு, சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தூரத்தில் இருந்தபோது, அது ரேடார் திரையிலிருந்து மறைந்தது. 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் இடதுபுறம் திரும்பி, வேகமாக உயரம் இழந்தது என்பதே ரேடாரின் கடைசிச் செய்தி.

கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை மூன்றும் சேர்ந்து வங்காள விரிகுடாவில் பெரிய தேடுதல் நடத்தின. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கிக் கப்பல் எல்லாம் போயின. இஸ்ரோவின் ரிசாட் சாட்டிலைட் படங்களும் பயன்படுத்தப்பட்டன. விமானத்திலிருந்து ஏதாவது சிக்னல் அமெரிக்க சாட்டிலைட்டுகளில் பதிவானதா என்று அந்த நாட்டிடம் கேட்டிருப்பதாக அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். எதுவும் பலன் தரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், விமானத்தில் இருந்த 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக விமானப்படை அவர்களுடைய குடும்பங்களுக்குத் தெரிவித்தது.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 12-ந் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி வாகனம், 3,400 மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் கிடந்த விமானச் சிதறல்களைப் படம் பிடித்திருந்தது. அவை ஏ.என்.32 விமானத்தோடு பொருந்தின. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை.

கண்டுபிடித்தது சாட்டிலைட் அல்ல என்பதைக் கவனியுங்கள். தண்ணீருக்குள் ஒலி அலையை அனுப்பி, எதிரொலியை வைத்துப் படம் வரையும் சோனார்தான் கண்டுபிடித்தது. அப்படியானால் சாட்டிலைட்டுகள் எதற்கு? 'சாட்டிலைட் டேட்டா' என்று பத்திரிகைகள் ஒரே பெயரில் எழுதுவது உண்மையில் நான்கு தனித்தனி விஷயங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சந்தேகம்: ஜி.பி.எஸ். இருக்கிறதே?

நம் போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று வரைபடத்தில் நீலப் புள்ளி காட்டுகிறது. ஆகவே நாம் எங்கே இருக்கிறோம் என்று சாட்டிலைட்டுக்குத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது.

திருநெல்வேலி வானொலி நிலையம் ஒலிபரப்பும் பாட்டை உங்கள் வீட்டு ரேடியோவில் கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பது நிலையத்துக்குத் தெரியுமா? ஜி.பி.எஸ். அப்படித்தான். மேலே சுற்றும் சாட்டிலைட்டுகள் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் போன் அதைக் கேட்டு, தானே கணக்குப் போட்டு, தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. போன் எதையும் சாட்டிலைட்டுக்குத் திருப்பி அனுப்புவதில்லை.

பிறகு 'லொகேஷன்' அனுப்பினால் மனைவிக்குப் போகிறதே என்கிறீர்களா? அதைச் சுமந்து செல்வது செல்போன் டவர். பாபநாசம் மலை மேல் டவர் கிடைக்காத வளைவில் நின்று பாருங்கள். நீலப் புள்ளி வேலை செய்யும். லொகேஷன் மட்டும் போகாது.

விமானமும் அதே நிலையில்தான் இருக்கிறது. அது இருக்கும் இடம் பைலட்டுக்குத் தெரியும். தரையில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் விமானம் அதை வெளியே சொல்ல வேண்டும். அல்லது ரேடார் பார்க்க வேண்டும். ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும், பூமியோ வளைந்தது. 151 கடல் மைல் தூரத்தில், ஏறக்குறைய 15,000 அடிக்குக் கீழே இறங்கிய விமானத்தைச் சென்னையின் தரை ரேடார் பார்க்க முடியாது. கடலின் வளைவே மறைத்துவிடும். அதனால் ரேடாரின் கடைசிப் புள்ளி என்பது விமானம் விழுந்த புள்ளி அல்ல.

இரண்டாவது சந்தேகம்: படத்தில் தெரியாதா?

கூகுள் எர்த்தில் தெரியும் படம் இந்த நிமிடத்தின் படம் அல்ல. வெவ்வேறு நாட்களில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். பூமியைப் படமெடுக்கும் சாட்டிலைட்டுகளில் பெரும்பாலானவை சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வேகமாகச் சுற்றுபவை. ஓர் இடத்தைக் கடந்து போனால் மறுபடி அங்கே வர நேரமாகும். நடுக்கடலை யாரும் இடைவிடாமல் இந்த அளவு துல்லியமாகப் படம் பிடித்துக்கொண்டிருப்பதும் இல்லை.

அடுத்த தடை மேகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளில் சாதாரண கேமரா உள்ள சாட்டிலைட் மேலிருந்து பார்த்தால் மேகத்தின் முதுகுதான் தெரியும். ரேடார் அலையை அனுப்பிப் படம் எடுக்கும் ரிசாட் வகை சாட்டிலைட்டுகள் மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும். (ரிசாட்டைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் எஞ்சின். பணகுடி அருகே மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் எஞ்சின் அது.) ஆனால் ரேடார் படத்தில் அலையடிக்கும் கடல் முழுவதும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதற்குள் ஒரு சிறிய இறக்கைத் துண்டைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஒரு சின்னக் கணக்கு. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடல் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் பரப்பே 1,30,058 சதுர கிலோமீட்டர்தான். ஒரு மீட்டருக்கு ஒரு பிக்சல் வீதம் படம் எடுத்தால் 12,000 கோடி பிக்சல்கள் வரும். உங்கள் மானிட்டர் 1920 x 1080 என்றால் ஒரு திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல் அடங்கும். ஆக, ஏறக்குறைய 58,000 திரைகளைப் பார்க்க வேண்டும். ஒரு திரைக்கு ஐந்து வினாடி என்றால் சோறு தண்ணீர் இல்லாமல் 80 மணி நேரம். அதற்குள் கடலில் மிதப்பவை வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

நிலத்திலும் இப்படித்தான். 2009 செப்டம்பர் 2-ந் தேதி ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் காணாமல் போனபோது ரிசாட்-2 படங்கள் எடுத்துத் தரப்பட்டன. மறுநாள் காலை அதைக் கண்டது விமானப்படை ஹெலிகாப்டர். 2019 ஜூன் 3-ந் தேதி அருணாசலப் பிரதேசத்தில் 13 பேரோடு இன்னொரு ஏ.என்.32 மறைந்தது. அப்போதும் சாட்டிலைட்டுகள் தேடின. ஜூன் 11-ந் தேதி கண்டுபிடித்தது ஹெலிகாப்டர்தான்.

மூன்றாவது சந்தேகம்: அபாய சிக்னல் என்ன ஆனது?

விமானங்களில் மோதல் நேர்ந்தால் தானாக இயங்கும் அபாய ஒலிபரப்பி உண்டு. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் சிக்னலைக் கேட்க 'காஸ்பாஸ் சர்சாட்' என்ற பன்னாட்டு ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் இதற்கான நிலையங்கள் பெங்களூரிலும் லக்னோவிலும் இஸ்ரோவின் பொறுப்பில் உள்ளன. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைச் சாட்டிலைட்டுகள் கவனிப்பது 2009 பிப்ரவரி 1-ந் தேதியோடு நிறுத்தப்பட்டது.

இதன் பலவீனம் எளிமையானது. ரேடியோ அலை கடல் தண்ணீரைத் தாண்டி வராது. ஆன்டெனா உடைந்தாலோ, விமானம் உடனே மூழ்கினாலோ சிக்னல் வெளியே வராது.

தண்ணீருக்குள் வேலை செய்வது வேறு ஒரு கருவி. அது ரேடியோ அலையை அனுப்பாது. 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பும். சில கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் கேட்கும். 2015 ஜூன் 8-ந் தேதி இரவு, மூன்று பேரோடு கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் தமிழகக் கடலோரத்தில் காணாமல் போனது. ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் இந்த ஒலியைக் கேட்டது. ஜூலை மாதத்தில், சுமார் 950 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் பாகங்கள் கிடைத்தன. ஆக, தேடும் இடத்தைக் காது கேட்கும் தூரத்துக்குள் சுருக்கிக்கொண்டால்தான் இந்தக் கருவியால் பயன் உண்டு.

நான்காவது வகை: இடத்தைச் சொல்லாத பதிவு

உலகம் முழுக்க அதிகமாகச் சந்தேகிக்கப்பட்ட சாட்டிலைட் டேட்டா, மலேசிய விமானம் எம்.எச்.370 பற்றியதுதான். 2014 மார்ச் 8-ந் தேதி 239 பேரோடு கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பியது. பயணிகளில் ஐந்து பேர் இந்தியர்கள். புறப்பட்டு 40 நிமிடத்தில் விமானக் கட்டுப்பாட்டு ரேடாரிலிருந்து மறைந்தது. ராணுவ ரேடாரில் மலேசிய நேரம் 2.22 மணி வரை தெரிந்தது. ஆனால் காலை 8.19 வரை, அதாவது நம் நேரப்படி காலை 5.49 வரை, அந்த விமானத்தின் ஒரு கருவி இன்மார்சாட் நிறுவனத்தின் சாட்டிலைட்டுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தது.

அது பேச்சு அல்ல; இருப்பிடமும் அல்ல. பேங்க் வெப்சைட்டில் சிறிது நேரம் எதுவும் செய்யாமல் இருந்தால் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்குமல்லவா? அதுபோல ஒரு மணி நேரம் தகவல் போக்குவரத்து இல்லையென்றால் தரை நிலையம் சாட்டிலைட் வழியாக "இருக்கிறாயா?" என்று கேட்கும். விமானக் கருவி "இருக்கிறேன்" என்று பதில் தரும். இப்படிப்பட்ட கேள்வி பதில்கள் ஐந்து. இவை தவிர 2.25 மணிக்கும் 8.19 மணிக்கும் விமானக் கருவி தானாகவே புதிதாக லாக்-ஆன் செய்தது. கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் மறுபடி லாக்-இன் கேட்பது போல. மொத்தம் ஏழு பதிவுகள்.

'இருக்கிறேன்' என்ற ஒரே சொல்லிலிருந்து இடத்தை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? இங்கேதான் சந்தேகம் ஆரம்பித்தது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைப் புரிந்துகொள்ளலாம்.

செய்து பாருங்கள்: பிங்

விண்டோஸ் கீயை அழுத்தியபடி 'ஆர்' கீயை அழுத்துங்கள். ரன் பெட்டி வரும். அதில் 'சி', 'எம்', 'டி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிற விண்டோ திறக்கும். அதில் 'பிங்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள்.

நான்கு வரிகளில் பதில் வரும். ஒவ்வொரு வரியிலும் 'டைம்' என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். நீங்கள் அனுப்பிய கேள்வி போய், பதில் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்பதே அந்த எண். பதில் தந்த கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. ஆனால் தாமதம் இவ்வளவுதான் என்பதால், அது இவ்வளவு தூரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று நாம் சொல்லலாம்.

மலையடிவாரத்தில் நின்று கத்தினால் எதிரொலி வரும் நேரத்தை வைத்துப் பாறையின் தூரத்தைச் சொல்லலாம். இன்மார்சாட் பதிவிலும் அதே கணக்குதான். போய் வந்த நேரத்தில் கருவி யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் பயண நேரம். அந்தக் கழிவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? விமானம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது பதிவான நேரங்களை வைத்துத்தான். அங்கே விமானம் நின்ற இடம் துல்லியமாகத் தெரியும். கடைக்காரர் எடைக்கல்லைச் சரிபார்ப்பது போன்ற வேலை இது.

நெல்லையா, கோழிக்கோடா?

அந்த சாட்டிலைட் இந்தியப் பெருங்கடலின் மேலே, கிழக்கு 64.5 டிகிரியில், நடுக்கோட்டுக்கு மேலே நின்றது. நெல்லையிலிருந்து அதன் தூரத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 36,068 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து 25 கிலோமீட்டர் குறைவு. ரேடியோ அலை போய் வரும் நேரத்தில் வித்தியாசம், ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் சுமார் 170 பங்கு. இவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தையும் அந்தக் கருவிகளால் அளக்க முடியும். ஆகவே விமானம் நெல்லை மேலா, திருவனந்தபுரம் மேலா என்று பிரித்துச் சொல்லலாம்.

ஆனால் கோழிக்கோட்டிலிருந்தும் அந்த சாட்டிலைட் சுமார் 36,071 கிலோமீட்டர்! நெல்லையா, கோழிக்கோடா என்று கேட்டால் இந்த டேட்டாவால் பிரித்துச் சொல்வது கடினம். சாட்டிலைட்டின் நேர் கீழே உள்ள புள்ளியை மையமாக வைத்து 1,755 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், அந்தக் கோட்டின் மேல் உள்ள எல்லா இடங்களுக்கும் ஒரே தாமதம்தான். வரைபடத்தில் பத்திரிகைகள் போட்ட அந்த ஏழு வளைவுகள் இவைதான்.

கூகுள் எர்த் ப்ரோ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ரூலர் கருவியைத் திறந்து 'சர்க்கிள்' பகுதிக்குப் போய், அகலாங்கு 0, நெட்டாங்கு கிழக்கு 64.5 என்ற இடத்தை மையமாக வைத்து இந்த வட்டத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நெல்லையைத் தொட்டு, கோழிக்கோட்டை உரசி, அரபிக்கடலைச் சுற்றி, நடுக்கோட்டுக்குத் தெற்கே போய்த் திரும்பும். நெல்லைக்கு நேர் கண்ணாடிப் பிம்பம் போல, தெற்கே நடுக்கடலில் ஓர் இடம் இருப்பதையும் பார்க்கலாம்.

வடக்கா, தெற்கா?

விமானம் வளைவின் வட பக்கம் போனதா, தென் பக்கம் போனதா? இதற்கு இரண்டாவது எண் உதவியது. பதில் சிக்னலின் அலைவரிசை எவ்வளவு விலகி வந்தது என்பதும் பதிவாகியிருந்தது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் ஒலி கூர்மையாகவும், கடந்து போகும்போது தணிந்தும் கேட்கும் அல்லவா? அதே விதிதான். ஆனால் விமானக் கருவி, சாட்டிலைட் அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு இந்த விலகலைத் தானே சரிசெய்துவிடும். அதிர்ஷ்டவசமாக 1996-ல் ஏவப்பட்ட அந்தப் பழைய சாட்டிலைட் அசையாமல் நிற்கவில்லை. வடக்கும் தெற்குமாகக் கொஞ்சம் ஊசலாடியது. அதனால் சரிசெய்யப்படாமல் ஒரு சிறு மிச்சம் தங்கியது. வடக்கே போயிருந்தால் அந்த மிச்சம் ஒரு மாதிரியும், தெற்கே போயிருந்தால் வேறு மாதிரியும் வரும். இதே முறையை வேறு விமானங்களின் பதிவுகளில் சோதித்துப் பார்த்து, தெற்கு என்று முடிவு செய்தார்கள். 2014 மார்ச் 24-ந் தேதி மலேசியப் பிரதமர் அதை அறிவித்தார்.

சந்தேகப்பட்டவர்கள் சொன்னது தவறா? முழுவதும் தவறில்லை. 'ஒரு பழைய சாட்டிலைட்டின் ஊசலாட்டத்தை வைத்து 239 பேரின் முடிவைச் சொல்வதா, டேட்டாவைக் காட்டுங்கள்' என்று குடும்பத்தினர் கேட்டார்கள். 47 பக்கப் பதிவு வெளிவர மே 27 ஆகிவிட்டது. அந்த இரண்டு மாத மௌனம் வதந்திகளுக்கு நல்ல உரமாகியது. பதிவு வெளிவந்த பின் வெளியில் இருந்தவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது.

2015 ஜூலை 29-ந் தேதி ஆப்பிரிக்காவுக்கு அருகே ரியூனியன் தீவில் விமான இறக்கையின் ஒரு பகுதி கரை ஒதுங்கியது. அது எம்.எச்.370-ன் பாகம் என்று உறுதியானது. இந்தியப் பெருங்கடலின் நீரோட்டம் அதை அங்கே கொண்டுபோயிருக்க முடியும். சாட்டிலைட் கணக்கோடு சம்பந்தமே இல்லாத வேறொரு சாட்சி, அதே கடலைக் காட்டியது.

ஆனாலும் விமானம்? ஆஸ்திரேலியா தலைமையில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடல் தரையைத் தேடி 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2018-ல் ஓஷன் இன்பினிட்டி நிறுவனம் 1,12,000 சதுர கிலோமீட்டர் தேடியது. 2025-லும் அந்த நிறுவனம் தேடலைத் தொடங்கியது. 2025 முடிய விமானம் கிடைக்கவில்லை. காரணம், கோடு சரியாக இருந்தாலும் கோட்டின் மேல் எந்த இடம் என்பது கணக்கில் இல்லை. அதை விமானத்தின் வேகம், திசை, எரிபொருள் பற்றிய ஊகங்களைக் கொண்டு நிரப்ப வேண்டியிருந்தது. டேட்டாவையும் ஊகத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சந்தேகத்தைச் சரியான இடத்தில் வைக்கலாம்.

140 கடல் மைலா, 310 கிலோமீட்டரா?

நம் ஏ.என்.32-க்குத் திரும்புவோம். சிதறல்கள் கிடந்த இடம் சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல், ஏறக்குறைய 310 கிலோமீட்டர் என்று 2024 அறிவிப்பில் இருந்தது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 140-ஐ அதனால் பெருக்கினால் 259 தான் வருகிறது. 310 கிலோமீட்டர் என்றால் அது 167 கடல் மைல். இரண்டு எண்களும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது.

இதை வைத்துக் கண்டுபிடிப்பே பொய் என்று சொல்லிவிடலாமா? கூடாது. ரேடாரின் கடைசிப் புள்ளி 151 கடல் மைல், அதாவது 280 கிலோமீட்டர். 259 ஆனாலும் 310 ஆனாலும் அதற்கு 30 கிலோமீட்டர் முன்பின்தான். படத்தில் இருந்த சிதறல்கள் அந்த விமானத்தோடு பொருந்தின என்ற முடிவு இந்தப் பெருக்கலை நம்பி நிற்கவில்லை. ஒரு டேட்டாவில் பிழை கண்டால், அந்தப் பிழை எதைப் பாதிக்கிறது, எதைப் பாதிக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

ஐந்து கேள்விகள்

'காணாமல் போன விமானம் கூகுள் எர்த்தில் கிடைத்தது' என்று உங்களுக்கும் வாட்ஸ்அப் வரும். நண்பர்களுக்கு பார்வர்ட் செய்யும் முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. எந்த வகை டேட்டா? படமா, அபாய சிக்னலா, தகவல் தொடர்புப் பதிவா? வகை சொல்லாமல் 'சாட்டிலைட் சொல்கிறது' என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

2. எப்போது எடுத்தது? கூகுள் எர்த் ப்ரோவில் படத்தின் தேதி திரையின் கீழே இருக்கும். மேலே கடிகாரப் படம் உள்ள பட்டனைத் தட்டினால் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்கலாம். காரையாறு அணையை வெவ்வேறு ஆண்டுகளில் பார்த்துப் பழகுங்கள். 2018-ல் கம்போடியக் காட்டில் விமானம் தெரிவதாகப் பரபரப்பு கிளம்பியது. பறந்துகொண்டிருக்கும் விமானமும் சாட்டிலைட் படத்தில் விழும். பார்ப்பதற்கு மரங்களின் மேல் கிடப்பது போல இருக்கும். பல சாட்டிலைட்டுகள் வண்ணங்களைச் சிறிது நேர இடைவெளியில் தனித்தனியே பதிவு செய்வதால், ஓடும் விமானத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும். அதை வைத்து அடையாளம் காணலாம்.

3. தெரிந்த இடத்தில் சோதித்தார்களா? இன்மார்சாட் கணக்கு விமான நிலையத்தில் நின்ற விமானத்தை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. 2014 ஏப்ரலில் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம், வங்காள விரிகுடாவின் அடியில் விமானம் இருப்பதாகத் தன் படங்கள் காட்டுவதாகச் சொன்னது. வங்கதேசக் கடற்படை போய்ப் பார்த்தது, ஒன்றும் இல்லை.

4. பிழை அளவு சொன்னார்களா? 'இந்த வளைவு, பத்து கிலோமீட்டர் முன்பின்' என்று சொல்பவரை நம்பலாம். 'இதே இடம்தான்' என்று அடித்துச் சொல்பவரிடம் கவனம் தேவை.

5. வேறு வழியில் உறுதியானதா? 2014 மார்ச்சில் பல நாட்டு சாட்டிலைட்டுகள் கடலில் மிதந்த பொருள்களைக் காட்டின. ஒன்று 24 மீட்டர் நீளம் என்றார்கள். எதுவும் அந்த விமானத்தின் பாகம் என்று உறுதியாகவில்லை.

ஆறாவதாக ஓர் எச்சரிக்கை. 2014 மார்ச்சில் 'மலேசிய விமானம் கிடைத்தது, வீடியோ பாருங்கள்' என்று பேஸ்புக்கில் போலி இணைப்புகள் பரவின. கிளிக் செய்தவர்களுக்கு வீடியோ கிடைக்கவில்லை. அவர்களுடைய விவரங்களைப் பிடுங்கும் பக்கங்கள்தான் திறந்தன. பரபரப்பான செய்தி வரும் நாளில் புதிய கம்ப்யூட்டர்காரர்கள் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

பிறகு என்ன மாறியது?

பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி 2018 நவம்பர் முதல், கடல் கடந்து செல்லும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். 2019 முதல், விமானம் தானாக ஒலிபரப்பும் இருப்பிடத் தகவலை இரிடியம் சாட்டிலைட்டுகளில் உள்ள கருவிகள் நேரடியாகக் கேட்கின்றன. தண்ணீருக்குள் ஒலிக்கும் கருவிகளின் பேட்டரி ஆயுளும் 30 நாளிலிருந்து 90 நாளாகக் கூடியது. விமானம் தன் இடத்தை வெளியே சொல்ல வேண்டும் என்ற அந்த எளிய விஷயத்துக்கு இத்தனை பேர் இறக்க வேண்டியிருந்தது.

'கிடைத்துவிட்டது' என்று ஒவ்வொரு முறை தவறான செய்தி வரும்போதும், எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் எழுந்து உட்கார்கிறார். தாம்பரம் விமானத்தின் 29 குடும்பங்களும் அப்படி ஏழரை ஆண்டுகள் காத்திருந்தன. ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு படம் உங்கள் திரைக்கு வந்தால், பார்வர்ட் பட்டனுக்கு முன்னால் கால்குலேட்டரைத் திறங்கள். படத்தின் தேதியைப் பாருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.